"ஃபிரிட்ஜ் காலியாக்கா?"

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

ஆடி முடியப்போகுது. ஆவணி பிறந்துட்டா தெருவுக்கு ஒரு லாரி நிக்கும், பின்னாடி கட்டில் கால் நீட்டிக்கிட்டு இருக்கும். "இந்த மாசம் வேண்டாம், நல்லதில்லை"ன்னு வீட்டுப் பெரியவங்க தள்ளிப்போட்ட எல்லா வீடு மாற்றமும் ஒரே வாரத்துல நடக்கும். அதனால இன்னைக்கு பேக்கிங் பத்திப் பேசுவோம். ஒரு வீட்டுலேர்ந்து இன்னொரு வீட்டுக்குச் சாமானை உடையாம, தொலையாம, கசியாம எப்படிக் கொண்டு போறது.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். அதைச் சொல்லாம மத்தவங்களுக்கு யோசனை சொன்னா எனக்கே சிரிப்பு வரும்.

போன வருஷம் மே மாசம் அப்பாவும் அம்மாவும் நங்கநல்லூர் வீட்டைக் காலி பண்ணிட்டு கோயம்புத்தூர் போனாங்க. 22 வருஷம் இருந்த வீடு. பேக்கிங்குக்கு ஆள் வெச்சிருந்தோம், நாலு பேர். சமையல்கட்டை முக்கால் மணி நேரத்துல முடிச்சாங்க. நான் நின்னு வேடிக்கைதான் பார்த்தேன். கடைசியா ஒரு பையன் ஃபிரிட்ஜ் பக்கத்துல நின்னுக்கிட்டு, கையில டேப்போட, "ஃபிரிட்ஜ் காலியாக்கா?"ன்னு கேட்டான். "காலிப்பா, ஒட்டிடு"ன்னு சொன்னேன். முந்தின நாள் ராத்திரியே பால், மாவு, காய்கறி எல்லாத்தையும் நானே எடுத்துட்டேன், பிளக்கையும் பிடுங்கிட்டேன். எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

லாரி மதியம் 2 மணிக்குக் கிளம்பிருச்சு. நாங்க 3 மணிக்குக் கார்ல. உளுந்தூர்பேட்டையில டீ, கள்ளக்குறிச்சி தாண்டினோம், ஆத்தூர்ல ராத்திரிச் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். தோசை சொல்லியாச்சு. அப்பா சாப்பிடறதுக்கு முன்னாடி இன்சுலின் போட்டுக்கணும். "பேனா எங்கே?"ன்னு அம்மாவைக் கேட்டார்.

அம்மா முகம் மாறிருச்சு. "ஃபிரிட்ஜ் கதவுல... முட்டை வைக்கிற இடத்துல."

காலையில ஊசி போட்டதும் பழக்க தோஷத்துல திரும்ப அங்கேயே வெச்சிருக்காங்க. ஃபிரிட்ஜ் ஓடலைங்கிறது கைக்குத் தெரியாதே! போட்டுக்கிட்டிருந்த பேனாவும் அங்கே, பிரிக்காத ரெண்டு பேனாவும் அங்கே. மே மாசம், கரண்ட் இல்லாத ஃபிரிட்ஜ், தார்ப்பாய் கட்டின லாரி. சரி, புதுசா வாங்கிடலாம்னா மருந்துச் சீட்டு வேணும். சீட்டு இருக்கிற ஃபைல், "இதர"ன்னு நானே என் கையால எழுதின பெட்டியில. அதுவும் லாரியில.

அப்பா பார்க்கிற டாக்டரோட கிளினிக்குக்கு போன் மேல போன். அங்க இருந்த நர்ஸ் பழைய சீட்டைத் தேடி படம் எடுத்து அனுப்பும்போது மணி ஒன்பதரை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் மூடப்போன ஒரு மருந்துக் கடையில பேனா கிடைச்சது. அப்பா 10 மணிக்கு ஊசி போட்டுக்கிட்டு ஆறிப்போன தோசையைச் சாப்பிட்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லலை. திட்டியிருந்தா தேவலாம்னு இருந்தது.

அந்தப் பையன் மேல தப்பே கிடையாது. அவன் சரியான கேள்வியைச் சரியான நேரத்துல கேட்டான். நான் கதவைத் திறந்து பார்க்காம பதில் சொன்னேன்.

அதனால மத்த எதையும் விட முன்னாடி, லாரியில ஏறவே கூடாத ஒரு பை. இதை முதல்ல கட்டுங்க. எல்லாரும் கடைசியில கட்டலாம்னு விடுவாங்க, அங்கதான் வம்பு. மருந்து, மருந்துச் சீட்டு, வீட்டுப் பத்திரம், பாஸ்போர்ட், ஆதார், மார்க் ஷீட், நகை, ஹார்ட் டிஸ்க், சார்ஜர், ரெண்டு வீட்டுச் சாவி. கட்டிட்டு வீட்டுக்குள்ளேயே வைக்காதீங்க. எதிர் ஃபிளாட்ல குடுங்க, இல்லைன்னா கார்ல வெச்சுப் பூட்டுங்க. ஏன்னா பேக்கிங் ஆளுங்க கண்ணுல பட்டதை எல்லாம் கட்டுவாங்க, அது அவங்க வேலை. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுல குப்பைக் கூடையைக் குப்பையோட கட்டி, பபுள் ரேப் சுத்தி, பெங்களூருக்கு அனுப்பியிருக்காங்க. பிரிச்சப்போ உள்ள வாழைப்பழத் தோல் இருந்ததாம்.

இன்சுலின் இருக்கிற வீடுன்னா ஒரு விஷயம் கூடுதலா. பிரிக்காத இன்சுலினை 2 டிகிரியிலேர்ந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும். போட்டுக்கிட்டிருக்கிற பேனா வெளியில கொஞ்ச நாள் தாங்கும். எத்தனை நாள், எவ்வளவு சூடு வரைக்கும்னு அந்தந்த மருந்தோட அட்டையிலேயே போட்டிருக்கும், பாருங்க. வெயில்ல நிக்கிற காருக்குள்ள விடக்கூடாது. அதுக்காகப் பயந்துக்கிட்டு ஐஸ் கட்டி மேல நேரா வெச்சாலும் கெட்டுடும், உறைஞ்ச இன்சுலினைப் போடவே கூடாது. ஒரு துணியைச் சுத்தி, நடுவுல இடைவெளி விட்டு வைக்கணும். எங்களோட அந்த மூணு பேனாவையும் டாக்டர் தூக்கிப் போடச் சொல்லிட்டார்.

சரி, இப்போ உடையற சாமான் கதைக்கு வருவோம். இங்க எனக்கு வாத்தியார் எங்க அம்மா.

எங்க வீட்டுல ரெண்டு தகரப் பெட்டி நிறைய கொலு பொம்மை இருக்கு. மண் பொம்மை பாதி, காகிதக் கூழ் பொம்மை பாதி. வருஷா வருஷம் பரண்லேர்ந்து இறங்கும், விஜயதசமி முடிஞ்சதும் திரும்ப ஏறும். அம்மா கல்யாணமாகி வந்ததுலேர்ந்து நடக்குது. அந்தப் பெட்டியை மட்டும் பேக்கிங் ஆளுங்களைத் தொட விடலை. அவங்களும் "அம்மா, நாங்க பபுள் ரேப் போட்டுத் தர்றோம்"ன்னு எவ்வளவோ சொன்னாங்க. "வேண்டாம்ப்பா, நீ போய் சோபாவைப் பாரு"ன்னுட்டாங்க.

கோயம்புத்தூர்ல பிரிச்சா, பபுள் ரேப் சுத்திப் போன கண்ணாடிச் சாமான்ல மூணு உடைஞ்சிருந்தது. பாட்டி காலத்து மாவடு ஜாடி, அந்த மஞ்சளும் வெள்ளையுமா இருக்குமே பீங்கான் ஜாடி, அது ரெண்டா பிளந்திருந்தது. அப்பாவோட பழைய பருத்தி வேட்டியைக் கிழிச்சுச் சுத்தின கொலு பொம்மையில ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகலை. தசாவதாரம் பத்தும் முழுசா வந்து சேர்ந்தது.

வேட்டிக்கு மந்திர சக்தி எல்லாம் இல்லை. அம்மா எப்படிக் கட்டறாங்கன்னு நான் அப்புறம் உட்கார்ந்து பார்த்தேன். முதல்ல பொம்மையில துருத்திக்கிட்டு இருக்கிறதைத் தனியா சுத்தறாங்க: மூக்கு, விரல், புல்லாங்குழல், மயில் கழுத்து. அப்புறம்தான் மொத்த உடம்பு. கனமான பொம்மை அடியில, லேசானது மேல. பெட்டி அடியில ஒரு மடிச்ச போர்வை. எல்லாம் வெச்சப்புறம் மிச்சமிருக்கிற சந்துல துணிப் பந்து, பழைய சாக்ஸ், தலையணை உறை, எது கிடைக்குதோ அது. மூடறதுக்கு முன்னாடி பெட்டியை ரெண்டு பக்கமும் பிடிச்சு லேசா ஆட்டுவாங்க. உள்ளேர்ந்து சத்தம் வந்ததுன்னா திரும்பத் திறப்பாங்க. சத்தம் நிக்கிற வரைக்கும் விடமாட்டாங்க.

விஷயம் முழுக்க அந்த ஆட்டல்லதான் இருக்கு. சாமான் உடையறது ரோட்டுல இருக்கிற பள்ளத்தால மட்டும் இல்லை, பெட்டிக்குள்ள இருக்கிற காலி இடத்தால. லாரி ஒரு வேகத்தடையில ஏறி இறங்கினா பெட்டி குதிக்கும். உள்ள ஒரு விரல் அளவு சந்து இருந்தாலும், அதுக்குள்ள இருக்கிற டம்ளர் தனியாக் குதிச்சு, தனியா விழும், பக்கத்து டம்ளரை முட்டும். சென்னையிலேர்ந்து கோயம்புத்தூர் வரைக்கும் எத்தனை வேகத்தடை, எத்தனை பள்ளம், நினைச்சுப் பாருங்க. சந்தே இல்லைன்னா எல்லாம் ஒரே கட்டையா சேர்ந்து குதிக்கும், ஒண்ணு மேல ஒண்ணு மோதாது. இன்னொண்ணு, மேல் பக்கம் காலியா விட்ட பெட்டி மேல இன்னொரு பெட்டியை வெச்சா மூடி உள்ள அமுங்கிடும். எங்க கண்ணாடிப் பெட்டிக்கு ஆனது அதுதான். ஒவ்வொரு டம்ளரையும் அழகா சுத்தியிருந்தாங்க, பெட்டி முக்கால்தான் நிரம்பியிருந்தது.

மாவடு ஜாடி வேற மாதிரி போச்சு. மூடியை ஜாடி மேலேயே வெச்சு, ரெண்டையும் சேர்த்துச் சுத்திட்டாங்க. பீங்கான் மேல பீங்கான், வழி பூரா டக் டக்னு தட்டிக்கிட்டே போயிருக்கும். மூடியைத் தனியா சுத்தணும், ஜாடி வயித்துக்குள்ள துணி திணிக்கணும். மிக்ஸி ஜார், கண்ணாடிக் குடுவை, டீ கெட்டில் எல்லாத்துக்கும் இதேதான்.

பபுள் ரேப்பை நான் குறை சொல்லலை, நல்ல சாமான்தான். ஒரு கிளைக்கதை: அது பேக்கிங்குக்காகக் கண்டுபிடிச்சதே இல்லை. 1957-ல அமெரிக்காவுல நியூ ஜெர்சியில ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் ஷவான்னு ரெண்டு பேர் சுவர்ல ஒட்டற மாதிரி ஒரு வால்பேப்பர் பண்ணப் பார்த்தாங்க. அது போணியாகலை. சில வருஷம் கழிச்சுத்தான் கம்ப்யூட்டர் சுத்தி அனுப்ப ஆரம்பிச்சாங்க. சுவருக்குப் போகவேண்டியது பெட்டிக்குள்ள வந்துருச்சு.

தட்டு விஷயம் மட்டும் கவனிங்க. பீங்கான் தட்டைப் படுக்க வெச்சு அடுக்கினா அடித்தட்டு மொத்தப் பாரத்தையும் வாங்கும். அலமாரியில புத்தகம் நிக்கிற மாதிரி செங்குத்தா நிக்க வைங்க, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பேப்பர். செய்தித்தாள் பரவாயில்லை, ஆனா மை ஒட்டும். வெள்ளைத் தட்டுன்னா உள்பக்கம் ஒரு சாதா வெள்ளைத்தாள் வெச்சிருங்க. எவர்சில்வருக்கு இந்தக் கவலையே வேண்டாம். பேர் வெட்டின டம்ளர் எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டு சாக்குல கட்டினாலும் நசுங்கினா நசுங்கும், உடையாது.

எண்ணெய், நெய், ஊறுகாய் இதை எல்லாம் லாரியில ஏத்தவே ஏத்தாதீங்கன்னுதான் சொல்வேன். முடியலைன்னா மூடியைக் கழட்டி, வாயில ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு, அது மேல மூடியைத் திருகி, பையில போட்டுக் கட்டி, ஒரு வாளிக்குள்ள நிக்க வைங்க. துணிப் பெட்டியில நல்லெண்ணெய் கொட்டினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து புத்தகம். நம்ம ஆளுங்க எல்லாரும் பண்ற தப்பு, இருக்கிறதுலேயே பெரிய பெட்டியை எடுத்து அதுல புத்தகம் ரொப்பறது. காலி கேஸ் சிலிண்டர் தூக்கியிருப்பீங்க, அது ஏறத்தாழ 15 கிலோ. ஒரு பெட்டி அந்தக் கனத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினா அடி பிஞ்சுடும், இல்லை தூக்கறவர் இடுப்பு பிஞ்சுடும். லிஃப்ட் இல்லாத மூணாவது மாடின்னா அதையும் யோசிங்க, அவரும் ஒரு நாளைக்கு ரெண்டு வீடு ஏத்தி இறக்கறவர். புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி. தலையணை, போர்வைக்குப் பெரிய பெட்டி. கடையில கேட்கும்போது 5 பிளை அட்டைன்னு கேளுங்க. மளிகைக் கடையில சும்மா கிடைக்கிற பிஸ்கட் பெட்டி பெரும்பாலும் 3 பிளைதான், துணிமணிக்கு ஆகும், பாத்திரத்துக்கு ஆகாது.

சிலிண்டர்னு சொன்னதும் ஞாபகம் வருது: கேஸ் சிலிண்டரை மத்த சாமானோட லாரியில போடக் கூடாது. ஊர் விட்டு ஊர் போறீங்கன்னா சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில ஒப்படைச்சு, டெபாசிட் பணத்தை வாங்கிக்கிட்டு, அவங்க தர்ற மாற்றுச் சீட்டைப் புது ஊர்ல காட்டணும். அடுப்பு நம்மளோடது, அது வரலாம். கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே இந்த வேலையை முடிச்சுடுங்க. கடைசி ரெண்டு நாளைக்கு இண்டக்‌ஷன் அடுப்பு போதும்.

மெஷின்கள். ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைச்சு, ஐஸ் கரைய விட்டு, துடைச்சு, உள்ளே இருக்கிற கண்ணாடித் தட்டுகளைக் கழட்டித் தனியா சுத்தணும். நிக்க வெச்சே கொண்டு போகணும். புது வீட்டுல இறக்கினதும் உடனே போடாதீங்க. படுக்க வெச்சோ சாய்ச்சோ கொண்டு வந்திருந்தா கம்ப்ரசர்ல இருக்கிற எண்ணெய் குழாய்க்குள்ள போயிருக்கும், அது திரும்ப இறங்கணும். குறைஞ்சது ஒரு நாலு மணி நேரம் சும்மா நிக்கட்டும். ரொம்ப நேரம் படுத்தே வந்திருந்தா இன்னும் கூட. முக்கியமா, டேப் ஒட்டறதுக்கு முன்னாடி கதவைத் திறந்து, முட்டைத் தட்டு வரைக்கும் கை விட்டுப் பாருங்க.

முன்பக்கம் கதவு இருக்கிற வாஷிங் மெஷின் வெச்சிருக்கீங்களா? அதை வாங்கின அன்னைக்கு வந்த மெக்கானிக் பின்பக்கத்துலேர்ந்து மூணு நாலு நீளமான போல்ட்டைக் கழட்டிக் கையில குடுத்திருப்பார். "பத்திரமா வைங்க"ன்னு சொல்லியிருப்பார். நீங்க எங்க வெச்சீங்கன்னு இப்போ உங்களுக்கே தெரியாது. எனக்கும் தெரியலை. அது டிரம் ஆடாம பிடிச்சு வைக்கிற போல்ட். உள்ளே அந்த டிரம் ஸ்பிரிங்ல தொங்கிக்கிட்டு இருக்கு, போல்ட் போடாம லாரியில ஏத்தினா வழி பூரா ஆடி சஸ்பென்ஷன் போயிடும். தேடிப் பாருங்க, இல்லைன்னா சர்வீஸ்ல கேட்டு வாங்குங்க. புது வீட்டுல ஓட்டறதுக்கு முன்னாடி மறக்காம கழட்டவும் வேணும்.

இன்வெர்ட்டர் பேட்டரியில ஆசிட் இருக்கு, சாய்க்கவே கூடாது. அதைப் பத்தித் தெரிஞ்சவரை வெச்சுக் கழட்டுங்க. டிவி நிக்கணும், படுக்கக் கூடாது. பின்னாடி எந்த ஒயர் எந்த ஓட்டையிலன்னு போன்ல ஒரு படம் எடுத்து வெச்சுக்கோங்க.

கிரைண்டர். கல்லைக் குழவியோட வெச்சு அப்படியே தூக்கி வைப்பாங்க, விடாதீங்க. குழவியைக் கழட்டித் துணி சுத்தித் தனியா. இல்லைன்னா கல்லும் கல்லும் மோதிச் சில்லு பேரும். அப்புறம் மாவுல கல் கடிபடும். எங்க அப்பா அன்னைக்குக் காலையில பண்ண ஒரே ஜோக் இதைப் பத்திதான். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கு, அந்த ஊருக்கு இங்கேர்ந்து கிரைண்டர் தூக்கிக்கிட்டுப் போறோமே, கொல்லன் தெருவுல ஊசி விக்கப் போற கதைன்னார். அம்மா சிரிக்கலை. "இந்தக் கல்லு எனக்குப் பழகிருச்சு"ன்னாங்க.

பெட்டி மேல எழுதறது. மேல எழுதாதீங்க, பக்கத்துல எழுதுங்க, ரெண்டு பக்கமும். அடுக்கினப்புறம் மேல்பக்கம் தெரியாது. எந்த அறை, என்ன நம்பர், 31-ல 7 அப்படின்னு. அப்புறம் இன்னொண்ணு. நான் "கண்ணாடி! ஜாக்கிரதை!"ன்னு சிவப்பு மார்க்கர்ல கொட்டை எழுத்துல தமிழ்ல எழுதினேன். சாமான் ஏத்தினவங்க ஒடிசாக்காரங்க. அவங்களுக்கு அது வெறும் சிவப்புக் கோலம். கால் வெச்ச ஒயின் கிளாஸ் படம் ஒண்ணு, மேல பார்க்கிற ரெண்டு அம்பு, ஒரு குடை: இதை வரைஞ்சா உலகத்துல எந்த ஊர்ச் சுமைக்காரருக்கும் புரியும். எல்லாரும் ஒரே மாதிரி போடணும்னு ஐஎஸ்ஓ 780-ன்னு ஒரு தரநிலையே இருக்கு. அதைவிட நல்லது, ஏத்தறதுக்கு முன்னாடி அவங்களுக்கு டீ வாங்கிக் குடுத்து, "தம்பி, இந்த மூணு பெட்டியும் கண்ணாடி"ன்னு தொட்டுக் காட்டறது.

"இதர"ன்னு மட்டும் எந்தப் பெட்டியிலும் எழுதாதீங்க. அப்படி எழுதணும்னு தோணினா அந்தப் பெட்டியைக் கொட்டித் திரும்பக் கட்டுங்க.

லாரி ஏறறதுக்கு முன்னாடி விலை உயர்ந்த சாமானை எல்லாம் தேதியோட படம் எடுங்க. இன்சூரன்ஸ்னு ஒரு தொகை வாங்கினா, எதெல்லாம் அதுல வரும்னு எழுத்துல கேளுங்க. நாமே கட்டின பெட்டி உடைஞ்சா தரமாட்டோம்னு சிலர் சொல்வாங்க, அது முன்னாடியே தெரியணும். இறக்கினப்புறம் எண்ணிப் பார்த்து, உடைஞ்சதை அந்தத் தாள்லயே எழுதிட்டுத்தான் கையெழுத்து. நான் அசதியில எழுதாம கையெழுத்துப் போட்டேன். ஜாடிக்கு ஒண்ணும் வரலை. வந்திருந்தாலும் பாட்டி ஜாடிக்கு என்ன விலை போடறது?

கடைசியா ஒண்ணு. அன்னைக்கு ராத்திரி ஆத்தூர்ல நாங்க தவிச்சுக்கிட்டு இருந்தப்போ, அம்மா மடியில ஒரு துணிப்பை இருந்தது. சென்னையிலேர்ந்து அதை இறக்கவே இல்லை. உள்ளே காமாட்சி விளக்கு, தீப்பெட்டி, திரி, உப்பு, மஞ்சள், கொஞ்சம் அரிசி, பால் காய்ச்ச ஒரு பித்தளைப் பாத்திரம், கரண்டி, சர்க்கரை. புது வீட்டுக்குள்ள முதல்ல போகவேண்டியது எதுன்னு அம்மாவுக்கு அவங்க அம்மா சொல்லிக் குடுத்திருக்காங்க, அதுல ஒண்ணு கூட விட்டுப் போகலை. இன்சுலினைப் பத்தி அந்தப் பாட்டி சொல்லியிருக்க முடியாது.

மறுநாள் காலையில லாரி வர்றதுக்கு முன்னாடியே, கார்ல கொண்டு போன இண்டக்‌ஷன் அடுப்புல அந்தப் பித்தளைப் பாத்திரத்தை வெச்சாங்க. அடுப்பு ஏத்துக்கலை, பித்தளைக்கு அது சூடாகாதே! பக்கத்து வீட்டுல ஒரு எவர்சில்வர் பாத்திரம் கடன் வாங்கினோம், அதுல பால் பொங்குச்சு. அந்தப் பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கப் போனப்போ சும்மா குடுக்கக் கூடாதுன்னு அம்மா அதுல சர்க்கரை போட்டுக் குடுத்தாங்க. இப்போ ரெண்டு வீட்டுக்கும் நடுவுல பாத்திரம் போய்ட்டு வந்துக்கிட்டே இருக்கு.

விளக்குப் பையில இப்போ ஒரு சின்ன டப்பா சேர்ந்திருக்கு, மேல "அப்பா ஊசி"ன்னு அம்மா கையெழுத்துல.

அடுத்த வாரம், காலி பண்ற வீட்டுக்காரர்கிட்டேர்ந்து அட்வான்ஸைத் திரும்ப வாங்கறது எப்படின்னு பேசுவோம். அது பேக்கிங்கை விடக் கஷ்டம்.